இலை ஓரத்துக் கருகல்

கலாத்தியா செடியைப் பற்றி யார் பேசினாலும் முதல் வார்த்தை காற்றில் ஈரம் வேண்டும் என்பதுதான். தண்ணீர் தெளியுங்கள், கூழாங்கல் தட்டில் வையுங்கள், ஈரம் கூட்டும் மெஷின் வாங்குங்கள் என்று அடுக்குவார்கள். தில்லி மாதிரி காற்று காயும் ஊருக்கும், குளிருக்கு ஹீட்டர் போடுகிற நாடுகளுக்கும் அது சரியான பேச்சு. ஆனால் வடசென்னைக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் எர்ணாவூரில் பொரித்த அப்பளம் சாப்பாடு முடிவதற்குள் நமுத்துவிடும். கல்லுப்பு ஜாடிக்குள்ளேயே கசியும். இரும்பு கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாலும் துரு விடாது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் கலாத்தியா காற்றில் ஈரம் போதவில்லை என்று சாவதில்லை. வேருக்கு ஊற்றுகிற தண்ணீரால்தான் சாகிறது.

இந்தத் தொழிலில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது. நிழல்வலை கட்டிய சின்ன நர்சரி ஒன்று வைத்திருக்கிறேன். திருவொற்றியூர், விம்கோ நகர், மணலி பக்கத்து அலுவலகங்களுக்கு மாத வாடகைக்குச் செடி வைத்துப் பராமரிப்பதுதான் முக்கிய வருமானம். வாரம் ஒரு தடவை வண்டியில் போய், வாடியதை எடுத்துவிட்டுத் தேறியதை வைத்துவிட்டு வருவோம். மணிபிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், அரிகா பனை எல்லாம் தானாகவே ஓடும். கலாத்தியாவைத் தினம் பார்க்க வேண்டும். ஆனாலும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பது அதைத்தான். இலையைத் தொட்டுப் பார்த்து, “அக்கா, இது பெயிண்ட் அடிச்சதா?” என்று கேட்காத ஆளே கிடையாது.

அப்படிக் கேட்பதில் தப்பில்லை. மகோயானா வகையின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெளிறிய தளத்தில் கரும்பச்சை இலைகளை யாரோ தனியாக வரைந்து வைத்ததுபோல் தெரியும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று மாறி மாறி. அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. மயில் செடி என்று பெயர் வந்தது அதனால்தான். மகோயானா என்பது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நர்சரி நடத்திய ஜேக்கப் மகோயின் பெயர். ஒரு நர்சரிக்காரரின் பெயர் செடிக்குள் இருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். ஆர்பிஃபோலியாவுக்கு வட்டமான இலை, வெள்ளிக் கோடு. லான்சிஃபோலியாவுக்கு நீண்ட நெளி இலை, பாம்புத்தோல் புள்ளி. ஆர்னாட்டாவில் ரோஸ் நிறத்தில் மெல்லிய இரட்டைக் கோடுகள். செப்ரினாவில் வரிக்குதிரை வரி. 2012-ல் தாவரவியலாளர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை கோப்பெர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது, கலாத்தியாதான்.

சொந்த ஊர் தென்னமெரிக்கா, குறிப்பாக பிரேசில் பக்கத்து மழைக்காடுகள். பெரிய மரங்களுக்கு அடியில், வடிகட்டி வந்த வெளிச்சத்தில், உதிர்ந்த இலை மக்கிய தரையில் வளர்வது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஆரோரூட் மாவு வருவதும் இதே குடும்பத்துக் கிழங்கிலிருந்துதான். அந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஒரு பழக்கம், சாயங்காலம் ஆனால் இலைகள் மேலே எழுந்து கூப்பிக்கொள்ளும், விடிந்தால் மறுபடி விரியும். இலைத்தட்டும் காம்பும் சேருகிற இடத்தில் முழங்கை மாதிரி ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களில் தண்ணீர் ஏறி, மறுபக்கத்தில் இறங்குவதால் இலை திரும்புகிறது. அந்தத் தண்ணீரை இழுத்துப்போவது பொட்டாசியம். இருட்டினபின் நர்சரியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் இலையோடு இலை உரசும் சத்தம் கேட்கும். வாங்க வந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொல்வேன். அந்த எழுச்சி சோர்ந்திருக்கும் செடிக்கு வேரில் சிக்கல் இருக்கும், விற்க மாட்டேன்.

என் கைக்கு இந்தச் செடி வந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஒரு பெரியவர். ஒரு கம்பெனியின் விருந்தினர் மாளிகைத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். என் நர்சரிக்கு வந்து நாற்காலி போட்டு உட்காருவார். தண்ணீர் ஊற்றக் குவளையை எடுத்தாலே கையைப் பிடிப்பார். “மொதல்ல இலையப் பாரும்மா. நுனி கருகினா தண்ணி. நடுவுல கருகினா வெயிலு. சுருட்டிக்கிச்சுன்னா தாகம். கீழ்இலை மஞ்சளாச்சுன்னா நீ ஊத்தினது ஜாஸ்தி.” இதற்குமேல் நான் சேர்த்தது ஒன்றுதான். இலையின் அடிப்பக்கம் சாம்பல் தூவியதுபோல் மங்கி, நரம்போரம் மெல்லிய நூல் தெரிந்தால் சிலந்திப் பேன். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்துவிடும்.

நுனி கருகுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உப்பால் கருகும் இலையில் முதலில் கூரிய நுனி பழுப்பாகும். பிறகு ஓரம் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் இறங்கும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடும். அந்த மஞ்சள் கோடு இருந்தால் கருகல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கோடு மறைந்து ஓரம் காகிதம்போல் உலர்ந்துவிட்டால் நின்றுவிட்டது. ஏன் ஓரத்தில் மட்டும்? வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை வழியே ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்து வந்த உப்பு போக வழியில்லாமல் கடைசி முனையில் தங்கும். விடியற்காலையில் கலாத்தியா இலை நுனியில் ஒரு சொட்டு நிற்கும். பனி என்று நினைப்பார்கள், அது செடிக்குள்ளிருந்து வந்த சொட்டு. மழைத்தண்ணீரில் வளர்ந்த செடியின் சொட்டு காய்ந்தால் தடம் இருக்காது. போர் தண்ணீர் குடித்த செடியின் சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும்.

எர்ணாவூரின் தண்ணீர்க் கதையை அந்தப் பொட்டிலேயே படித்துவிடலாம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் நாங்கள். வடக்கே மீஞ்சூர் பக்கம் வயலுக்கும் ஆலைக்கும் நகரத்துக்கும் என்று பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில், காலியான இடத்துக்குக் கடல் உள்ளே ஏறிவிட்டது. பேனா போல ஒரு டிடிஎஸ் மீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். தண்ணீரில் முக்கினால் அதில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். வெயில் காலத்தில் எங்கள் தெருப் போர்களில் அந்த 2000-ஐத் தாண்டி எண் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். செம்பருத்தி தாங்கும். தென்னைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கலாத்தியா, உதிர்ந்த இலைமேல் விழுந்த மழையைக் குடித்தே வளர்ந்த செடி. அதற்கு 200, 300-க்குள் இருந்தால்தான் ஓரம் சுத்தமாக இருக்கும்.

குழாயில் வருவது வேறு. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் திறந்தபிறகு வடசென்னைக்கு அந்தத் தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர் தரும் அளவு. ஊருக்கு அது பெரிய ஆறுதல், செடிக்கும் போரைவிடப் பல மடங்கு மேல். குளோரின் மட்டும் இருக்கும். அகலமான டப்பில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது குழாயும் நின்றது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைத்துவிட்டு நிற்கிற நேரத்தில் செடிக்கு என்று ஒரு குடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவும் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த வருஷம் காப்பாற்றியது ஏ.சி. தண்ணீர்.

இதை விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். வாடகைக்கு வைக்கிற அலுவலகம் எல்லாம் ஏ.சி. அறைகள். எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் காற்று காய்ந்து கிடக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த அறைதான். ஏ.சி. இயந்திரம் அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது. உள்ளே கலாத்தியா சுருண்டு நிற்கும், அதற்கு வேண்டிய ஈரம் வெளியே நடைபாதையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் அடியில் கேனை வைக்கச் சொன்னேன். மீட்டரை முக்கினால் பத்து, இருபது. கிட்டத்தட்ட மழைத்தண்ணீர். இங்குள்ள காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு மெஷினே ஒரு நாளில் குடம் குடமாகத் தருகிறது. அறைக்குள் செடிகளைத் தனித்தனியே வைக்காமல் நான்கைந்தாகச் சேர்த்து வைக்க வேண்டும், ஏ.சி. காற்று நேரே படக் கூடாது, மூன்று வாரத்துக்குமேல் ஒரே செடி அங்கே இருக்கக் கூடாது. மெஷினை சர்வீஸ் செய்கிற நாளில் மட்டும் தண்ணீர் பிடிக்கக் கூடாது, காயிலைக் கழுவிய ரசாயனம் அதில் வரும். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் அது கழித்து வெளியே தள்ளுகிற தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், கலாத்தியாவுக்கு வேண்டவே வேண்டாம்.

மழைத்தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பது. அதைப் பிடிப்பதில் எங்கள் ஊருக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் மழையைப் பிடிக்க மாட்டோம், ஓடவிட்டுவிடுவோம். அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசியும் மாதக்கணக்காகக் கூரையில் படிந்து கிடக்கும். அந்த முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கும். இரண்டு நல்ல மழை கழுவியபிறகுதான் குழாயைப் பேரலுக்குத் திருப்புவோம். பேரல் விஷயத்திலும் கவனம் வேண்டும். மணலி பக்கம் பழைய நீலப் பேரல் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. எத்தனை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது ஊறியதுதான். மாம்பழக் கூழ் வந்த பேரல் என்று மூக்கு சொன்னால் மட்டுமே வாங்குவேன். வாய்க்கு இரண்டு மடிப்பு வேட்டித்துணி கட்டிவிடுவேன். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் அவிழ்த்துக் காட்டுவேன். டெங்கு வந்த தெருவில் திறந்த பேரல் வைத்திருப்பது குற்றம்.

தண்ணீரைச் சரி செய்தும் ஓரம் கருகுகிறது என்றால் மண்ணைப் பார்க்க வேண்டும். இப்போது எல்லோரும் தேங்காய் நார்க்கழிவில் நடுகிறார்கள். கட்டியாக வருகிற அதைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே தொட்டியில் போடுகிறார்கள். மட்டையை ஊறப்போட்ட இடத்து உப்பு அதில் இருக்கும். நான் சாக்கில் கட்டி, டீ நிறத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் பிழிவேன். கடைசிப் பிழிசலில் மீட்டரை முக்கி, எண் இறங்கினால்தான் கலவைக்கு எடுப்பேன். அதோடு உமிக்கரி, மண்புழு உரம், கொஞ்சம் செம்மண். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். சூப்பர் பாஸ்பேட் உரம் சேர்க்க மாட்டேன், அதிலுள்ள ஃபுளோரைடு இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலை நுனியில்தான் போய் நிற்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டியைத் தூக்கிவைத்து, அடித்துளை வழியே நிறைய ஓடும்படி மழைத்தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் சேர்ந்த உப்பு இறங்கும்.

சரக்கு பெரும்பாலும் ஆந்திரத்தின் கடியத்திலிருந்து வருகிறது, கோதாவரிக் கரை ஊர். கொஞ்சம் கேரளத்திலிருந்து. அங்கே ஆற்றுத்தண்ணீரும் மழையும் குடித்து வளர்ந்த செடி லாரியில் வந்து இறங்கியதும் கண்ணைப் பறிக்கும். அன்றே விற்பவர்கள் உண்டு. வாங்கிப்போனவர் வீட்டுப் போர் தண்ணீரில் ஒரு மாதத்தில் அது கருகும்போது தன் கையில் ராசி இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லி வந்திருக்கிறார்கள். ராசியில் ஒன்றுமில்லை அம்மா, தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் கொண்டு வாங்க என்பேன். மீட்டர் எண்ணைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வருகிற தெளிவு எனக்குப் பிடிக்கும். புதுச் சரக்கை ஒரு மாதமாவது எங்கள் நிழலில், எங்கள் காற்றில் வைத்திருந்து, ஒரு புது இலை சுருள் விரிந்தபிறகே நான் விலை சொல்வேன்.

காற்றின் ஈரம் இங்கேயும் குறைகிற காலம் ஒன்று உண்டு. கத்திரி வெயில். காலையிலிருந்து மேற்குக் காற்று உலர்ந்து அடிக்கும், கடல்காற்று உள்ளே வர மதியம் தாண்டிவிடும். அந்த இடைவெளியில் இலை எல்லாம் குழலாகச் சுருளும். பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். தரையில் சாக்கு விரித்து நனைத்து, மேற்குப் பக்கம் இன்னொரு வலை கட்டிவிட்டால் போதும். கடல்காற்று தொட்டதும் தானாக விரியும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நான் சொல்லித்தருவதில்லை. போர் தண்ணீரைத் தெளித்தால் வெள்ளைப் புள்ளி விழும், நல்ல தண்ணீரை அப்படி வீணாக்க மனசு வராது. அதற்குப் பதில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது. எங்கள் ஊரில் அது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை. ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கி, மறுகையால் காம்பிலிருந்து நுனிக்கு இழுத்தால் துணியில் சாம்பல் நிறக் கோடு வரும். அந்தக் கோடுதான் செடியின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் நெஞ்சுக்குள் போவதும் அதே சாம்பல்தான் என்று துடைக்கிற பெண்கள் சொல்வார்கள். பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய், பால் தடவுவது இலை மூச்சுவிடும் துளைகளை அடைப்பது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. கால்வாய் ஓரத்து வீடுகளில் தண்ணீர் வடிந்தபின் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வலையும் படகும் போனவர்களுக்கு முன்னால் என் தொட்டிகள் பெரிசில்லை. ஆனாலும் என்ன ஆனது என்று எழுதி வைக்கிறேன், இதே ஊரில் இன்னொருவருக்கு உதவும். மேல் தட்டில் இருந்தவை தப்பின. தரைத் தொட்டிகளில் மண்மேல் எண்ணெய்ப் படலம் படிந்து, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டோடியது. மண்ணைத் தேற்ற வழியே இல்லை, முழுக்கக் கொட்டினோம். கிழங்கைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி, வேரை மூக்கருகே வைத்துப் பார்த்து, வாசனை போகாததைக் கழித்தோம். மிச்சத்தை இலையெல்லாம் வெட்டிவிட்டு அலசிய நாரில் நட்டோம். தை கடந்து, மாசியில் சில கிழங்குகளிலிருந்து சுருள் எழுந்தது. லான்சிஃபோலியா அதிகம் பிழைத்தது, ஆர்னாட்டா ஒன்றுகூட இல்லை. அப்போதிருந்து கலாத்தியா எதையும் தரையில் வைப்பதில்லை.

அதனால்தான் முதல் தடவை வாங்க வருகிறவருக்கு லான்சிஃபோலியாவைத்தான் எடுத்துக்கொடுப்பேன். ஆர்னாட்டா கேட்டால் தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். இலையைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டுச் செடியாக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். இலை வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், செடி வராது. கிழங்கோடு பிரித்தால்தான் வரும், அதற்குத் தையும் மாசியும் நல்ல காலம்.

சுனாமி குடியிருப்பில் மாடிவீட்டு அம்மா ஒருவர் போன கோடையில் வந்தார். “நானும் ஊத்திக்கினேதான் இருக்கேன் அக்கா, ஓரம் கருகிக்கினே போவுது” என்று தொட்டியைத் தூக்கிக் காட்டினார். ஏ.சி. கிடையாது, குழாய்த் தண்ணீர் குடிக்கவே அளவாக வரும், செடிக்கு அடிபம்பு. கருகிய ஓரத்தை இலையின் வளைவிலேயே கத்தரித்துவிட்டு, மண்ணைக் கழுவிக் கொடுத்தேன். என் பேரலிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றையும் கொடுத்தேன். ஒரு சின்னத் தொட்டிக்கு அது இரண்டு வாரம் வரும். பிறகு இதையே வழக்கமாக்கிவிட்டோம். எர்ணாவூருக்குள் கலாத்தியா வாங்குகிறவருக்கு ஒரு கேன் மழைத்தண்ணீர் சேர்த்தே போகும். தண்ணீருக்குக் காசு இல்லை. காலிக் கேன் திரும்பி வந்தால் அடுத்ததை நிரப்பித் தருவோம், கார்த்திகைவரை பேரல் தாங்குகிற அளவுக்கு.